ஸ்னூக்கரின் பொற்காலம் பற்றிய டிவி ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சைத் துணி விரித்த மேசை, கழுத்தில் போ டை, விரலிடுக்கில் சிகரெட். பழைய ஸ்னூக்கரைப் பற்றிய ஆவணப்படம் எதைத் திறந்தாலும் இதுதான் கண்ணில் படும். பாதி பார்த்துவிட்டு “இந்த ஆள் ஏன் அழுகிறார், அந்தக் கண்ணாடி ஏன் தலைகீழாக இருக்கிறது” என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. ஆளுக்கு ஒருமுறை சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பொற்காலம் என்று எந்த வருஷங்களைச் சொல்கிறார்கள்?

படத்துக்குப் படம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். இது பிரிட்டனில் நடந்த கதை. 1969இல் பிபிசி டூவில் ‘பாட் பிளாக்’ நிகழ்ச்சி வந்ததிலிருந்து கணக்குப் போடுபவர்கள் உண்டு. 1977இல் உலக சாம்பியன்ஷிப் ஷெஃபீல்டு நகரத்தின் குரூசிபிள் நாடக அரங்குக்குப் போனதுதான் தொடக்கம் என்பவர்களும் உண்டு. முடிவை பெரும்பாலும் 1990களின் நடுவில், ஸ்டீஃபன் ஹெண்ட்ரி எல்லாக் கோப்பையையும் அள்ளிக்கொண்டிருந்த காலத்தில் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் 1978 முதல் 1985 வரைதான். 1978இல்தான் பிபிசி முதன்முறையாக அந்தச் சாம்பியன்ஷிப்பைத் தினமும் காட்டியது, 1985இல் என்ன நடந்தது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு ஸ்னூக்கர் விதிகளே தெரியாது. படம் புரியுமா?

புரியும். 15 சிவப்புப் பந்து, 6 வண்ணப் பந்து, அடிக்க ஒரு வெள்ளை. ஒரு சிவப்பை பாக்கெட்டில் போட்டால் 1 புள்ளி, அடுத்து ஒரு வண்ணப் பந்து போடலாம், பிறகு மறுபடி சிவப்பு. மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. சிவப்பு இருக்கும்வரை வண்ணப் பந்துகளைத் திரும்ப எடுத்து மேசையில் வைப்பார்கள். சிவப்பு தீர்ந்ததும் அவற்றை வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் கறுப்பையே போட்டு மேசையைக் காலி செய்தால் 147, அதுதான் உச்சம். இப்படி ஓர் ஆட்டத்துக்குப் பெயர் ஃப்ரேம். போதும், இவ்வளவு தெரிந்தால் எந்தப் படத்தையும் பார்க்கலாம்.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

பலரும் சொல்வது 2021இல் பிபிசி டூவில் வந்த ‘காட்ஸ் ஆஃப் ஸ்னூக்கர்’. மூன்று பாகம். ஆவணப்படக்காரர் லூயி தெரூவின் மைண்ட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்தது. முதல் பாகம் அலெக்ஸ் ஹிக்கின்ஸ், அடுத்தது ஸ்டீவ் டேவிஸும் அவருடைய மேலாளர் பாரி ஹெர்னும் பணம் குவித்த காலம், கடைசியில் ஜிம்மி வைட்டும் ஹெண்ட்ரியும். நன்றாகச் செதுக்கிய படம்.

அதற்கு முன் 2002இல் பிபிசியில் ‘வென் ஸ்னூக்கர் ரூல்டு த வேர்ல்டு’ வந்தது. ஹிக்கின்ஸ், ஜான் ஸ்பென்சர், பில் வெர்பெனிக் எல்லோரும் உயிரோடு இருந்த காலத்தில் எடுத்த படம் என்பதால் அதற்கு ஒரு தனி வாசனை உண்டு. 1985 இறுதிப்போட்டிக்கு 25 வருஷம் ஆனபோது, 2010இல், அந்த ஒரு போட்டிக்காகவே பிபிசி ஒரு ஆவணப்படம் போட்டது. இன்னும் பின்னால் போக விரும்பினால், ஹிக்கின்ஸ் முதல் பட்டம் வென்ற 1972லேயே தேம்ஸ் டெலிவிஷன் அவரை வைத்து ‘ஹரிக்கேன் ஹிக்கின்ஸ்’ என்று ஒரு படம் எடுத்திருக்கிறது.

ஆனால் நான் சொல்லும் வரிசை வேறு. எந்தப் படத்தையும் தொடுவதற்கு முன் 1985 இறுதிப்போட்டியின் கடைசி ஃப்ரேமை வெட்டாமல் முழுசாகப் பாருங்கள். 68 நிமிஷம் ஓடும். காரணம் பிறகு சொல்கிறேன்.

எல்லாப் படமும் ஏன் கலர் டிவியில் ஆரம்பிக்கிறது?

ஏனென்றால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1958 முதல் 1963 வரை உலக சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை, யாருக்கும் அதில் அக்கறை இல்லை. ஸ்னூக்கர் என்றால் புகை மண்டிய கிளப்பும், தொழிற்பேட்டைப் பையன்களும், வேலைவெட்டி இல்லாதவன் பொழுதுபோக்கு என்ற பெயரும்தான். 1967இல் பிபிசி டூ கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது, சேனலின் பொறுப்பில் இருந்தவர் டேவிட் அட்டன்பரோ, ஆமாம், காட்டு விலங்குகளைப் பற்றிப் பேசுகிறாரே அவரேதான். கலரை அழகாகக் காட்ட மலிவான ஒரு நிகழ்ச்சி வேண்டும், அதே சமயம் ஒரே அறைக்குள் முடிய வேண்டும், கேமரா அங்குமிங்கும் ஓடக் கூடாது. பச்சை மேசையும், சிவப்பையும் சேர்த்து ஏழு நிறத்துப் பந்துகளும் தானாக வந்து பொருந்தின. 1969 ஜூலையில் ‘பாட் பிளாக்’ தொடங்கியது, ஒரு போட்டிக்கு ஒரே ஒரு ஃப்ரேம், முதல் தொடரை வென்றவர் ரே ரியர்டன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அப்போது பிரிட்டனில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. வர்ணனையாளர் டெட் லோ ஒருமுறை, கறுப்பு வெள்ளையில் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், பிங்க் பந்து பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொல்லிவைத்தார். பாவம், அந்த ஒரு வரிதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் குரல் கிசுகிசுப்பாகவே இருக்கும். ஆரம்ப காலத்தில் பார்வையாளர்களோடு உட்கார்ந்தே வர்ணனை சொன்னார், சத்தமாகப் பேசினால் ஆடுபவர் காதில் விழும்.

இன்னொரு காரணமும் உண்டு, படங்கள் இதை வேகமாகத் தாண்டிவிடுகின்றன: சிகரெட். 1965இல் பிரிட்டன் டிவியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. விளம்பரம் போட முடியாத கம்பெனிகள் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பணம் கொடுத்து பேனரில் பெயரைக் காட்டின. ஸ்னூக்கர் ஒரே அறையில் இரண்டு வாரம் ஓடும், பேனர் கேமராவை விட்டு நகரவே நகராது. 1976 முதல் 2005 வரை உலக சாம்பியன்ஷிப்பின் பெயரே எம்பஸி சிகரெட்டோடு சேர்த்துத்தான்.

எல்லாப் படத்திலும் குழந்தையைக் கேட்டு அழுகிறாரே, யார் அவர்?

அலெக்ஸ் ஹிக்கின்ஸ். பெல்ஃபாஸ்ட்காரர், 1949இல் பிறந்தவர். 1972இல் முதல் முயற்சியிலேயே உலகப் பட்டம். அந்த இறுதிப்போட்டி பர்மிங்ஹாமில் ஒரு பிரிட்டிஷ் லீஜன் (முன்னாள் ராணுவத்தினர்) கிளப்பில் நடந்தது, பார்க்க வந்தவர்களில் பலர் பீர் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள், டிவி கிடையாது, வென்றவருக்குப் பரிசு 480 பவுண்டு. பத்து வருஷம் கழித்து 1982இல் குரூசிபிளில் ரியர்டனை 18-15 என்ற ஃப்ரேம் கணக்கில் வென்றபோது கடைசி ஃப்ரேமில் 135 புள்ளி ஒரே மூச்சில் எடுத்தார். அப்போதுதான் கைக்குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி அழுதார்.

ஆனால் நான் அந்தக் காட்சியைவிட அதற்கு முந்தைய அரையிறுதியைத்தான் பார்க்கச் சொல்வேன். எதிரே 20 வயது ஜிம்மி வைட். 15-14 என்று வைட் முன்னிலை, அந்த ஃப்ரேமிலும் 59-0. இன்னும் ஓரிரு பந்து விழுந்தால் ஹிக்கின்ஸ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும் தப்பான இடத்தில் போய் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ஆள் உடம்பை முறுக்கிக்கொண்டு இன்னும் கஷ்டமான ஒரு அடியை அடித்து மீள்கிறார். 69 எடுத்து ஃப்ரேமைப் பிடித்து, அடுத்ததையும் பிடித்தார். சுத்தமான ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, கயிற்றிலிருந்து விழுந்து விழுந்து தொற்றிக்கொள்ளும் கழைக்கூத்து மாதிரி இருக்கும்.

மறுபக்கமும் படங்களில் வரும். 1986இல் போட்டி அதிகாரி ஒருவரைத் தலையால் முட்டினார், 12,000 பவுண்டு அபராதம், ஐந்து போட்டிகளுக்குத் தடை. 1990இல் சக வீரர் டென்னிஸ் டெய்லரைச் சுடவைப்பேன் என்று மிரட்டினார், பிறகு இன்னொரு அதிகாரியைக் குத்தினார். தொண்டைப் புற்றுநோய் வந்து, கடைசியில் எலும்பும் தோலுமாக 2010 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் இறந்தார். 61 வயது. ஆவணப்படங்கள் இவரைக் காவிய நாயகனாக்கிவிடுகின்றன, அடிவாங்கியவர்கள் யாரும் கேமரா முன்னால் வந்து அதிகம் பேசுவதில்லை.

ஸ்டீவ் டேவிஸ் ஏன் வில்லன் மாதிரி வருகிறார்?

படம் எடுப்பவர்களுக்கு ஒரு நெருப்பு, ஒரு பனிக்கட்டி தேவைப்படுகிறது. டேவிஸ் தென்கிழக்கு லண்டன் பையன், செக்கச் சிவந்த தலைமுடி, குடிப்பழக்கம் கிடையாது, நாளெல்லாம் பயிற்சி. ரொம்ஃபோர்டில் ஸ்னூக்கர் கூடங்களை வைத்திருந்த பாரி ஹெர்ன், படிப்பால் கணக்காளர், இவரைக் கண்டுபிடித்து வளர்த்தார். 1981, 83, 84, 87, 88, 89 என்று ஆறு உலகப் பட்டம். 1982 ஜனவரியில் டிவியில் காட்டப்பட்ட முதல் 147 இவருடையது, பரிசு ஒரு லாடா கார். எப்போதும் ஜெயிக்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? டிவி பொம்மலாட்ட நையாண்டி ஒன்று ‘சுவாரசியமான’ டேவிஸ் என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தது.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? அந்த மனிதர் ஓய்வுக்குப் பிறகு மின்னணு இசை டிஜே ஆகி 2016இல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தார். இன்றைக்கு ஆவணப்படங்களில் பேசுகிறவர்களில் கிண்டலாக, தன்னையும் சேர்த்துக் கிண்டலாகப் பேசுவது டேவிஸ்தான். 1982இல் நடப்புச் சாம்பியனாக வந்து முதல் சுற்றிலேயே டோனி நோல்ஸிடம் 10-1 என்று தோற்றதும், 1983 யுகே சாம்பியன்ஷிப் இறுதியில் 7-0 என்று முன்னால் இருந்து ஹிக்கின்ஸிடம் 16-15 என்று தோற்றதும் இதே ‘இயந்திரம்’தான்.

1985இல் அப்படி என்னதான் நடந்தது? ஏன் முழுசாகப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

சரி, இதுதான் முக்கியமான கேள்வி. டேவிஸ், டென்னிஸ் டெய்லர். டெய்லர் வட அயர்லாந்துக்காரர், பட்டம் எதுவும் பெரிதாக எதிர்பார்க்கப்படாதவர், கண்ணாடி தலைகீழாக மாட்டியது போல மேலே உயர்ந்து நிற்கும். குனிந்து குறிபார்க்கும்போது சாதாரணக் கண்ணாடியின் விளிம்புக்கு மேலே பார்க்க நேரிடும் என்பதால் வில்லை உயரமாகச் செய்தது அது. செய்துகொடுத்தவர் ஜாக் கார்னெம், மூக்குக்கண்ணாடித் தொழில் குடும்பம், தானும் ஆட்டக்காரர், வர்ணனையாளர்.

டேவிஸ் 8-0. முதல் நாள் முடிவில் 9-7. மறுநாள் ஞாயிறு, டேவிஸ் 17-15, டெய்லர் விடாமல் 17-17. 35ஆவது ஃப்ரேம். நாலு பந்து மிச்சம் இருக்கும்போது டேவிஸ் 62, டெய்லர் 44. பிரவுன், நீலம், பிங்க், கறுப்பு நான்கும் டெய்லருக்கு வேண்டும். மூன்றைப் போட்டுவிட்டார். இப்போது கறுப்பு மட்டும், போடுகிறவர் உலக சாம்பியன். டெய்லர் முயன்றார், விழவில்லை. ஒருவர் பதுக்கி வைக்க, இன்னொருவர் முயல, இப்படிப் போய் டேவிஸுக்கு ஒரு மெல்லிய வெட்டு, அதாவது பந்தின் ஓரத்தை மட்டும் தட்டிப் போடும் அடி, கிடைத்தது. சுலபம் இல்லை என்றாலும் டேவிஸ் தூக்கத்தில்கூடப் போடக்கூடிய வகை. கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டார். டெய்லர் வந்து போட்டு, கியூவை, அதாவது பந்தடிக்கும் கோலை, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். 66-62. இரண்டு நாள் ஆட்டத்தில் டெய்லர் முதன்முதலில் முன்னிலைக்கு வந்தது அந்தக் கடைசிப் பந்தில்தான்.

நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷம் போல ஆகியிருந்தது. ஒரு கோடியே 85 லட்சம் பேர் விழித்திருந்து பார்த்தார்கள், பிபிசி டூ வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கூட்டம் இல்லை. அப்போது பிரிட்டனில் மொத்தமே நாலு சேனல் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆவணப்படங்கள் இதை மூன்று நாலு நிமிஷமாக வெட்டி, பின்னால் வயலின் போட்டு, நடுநடுவே இப்போதைய டேவிஸைப் பேசவிட்டுக் காட்டுகின்றன. பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் ஜனங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசி அடி இல்லை, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். இரண்டு பேரும் நடுங்குகிறார்கள், சாதாரண பந்தைத் தவறவிடுகிறார்கள், உண்மையைச் சொன்னால் ஆட்டத்தின் தரமே சுமார்தான், டேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார், யாரும் எதுவும் பேசவில்லை. அந்தக் காத்திருப்பை வெட்டினால் கறுப்புப் பந்து ஒன்று பாக்கெட்டில் விழுந்தது, அவ்வளவுதான். கிரிக்கெட்டில் கடைசி ஓவரை மட்டும் காட்டுவதைப் போல என்றுகூடச் சொல்ல மாட்டேன், கடைசிப் பந்தை மட்டும் காட்டுவதைப் போல.

குடி, போதை எல்லாம் உண்மையா, படத்துக்காக ஊதியதா?

உண்மைதான். மேசையோரத்தில் பீர் கோப்பை சகஜம். கனடாவின் பில் வெர்பெனிக்குக்குக் கை நடுக்கம், அதை அடக்க லிட்டர் கணக்கில் பீர் குடித்துவிட்டுத்தான் ஆட வருவார், அப்புறம் இதயத் துடிப்பைக் குறைக்கும் இண்டெரால் மாத்திரையும் சேர்ந்தது. இன்னொரு கனடாக்காரர் கிர்க் ஸ்டீவன்ஸ், 1984 மாஸ்டர்ஸ் போட்டியில் வெள்ளை சூட்டில் வந்து ஜிம்மி வைட்டுக்கு எதிராக 147 போட்டவர், கொக்கெயின் பழக்கத்தைத் தானே வெளியில் சொன்னார். படங்கள் இந்தப் பகுதியைச் சிரிப்போடு சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும்.

ஜிம்மி வைட்டுக்கு ஏன் எல்லோரும் உருகுகிறார்கள்?

ஆறு உலக இறுதிப்போட்டி, ஆறிலும் தோல்வி. 1984இல் டேவிஸிடம், 1991இல் ஜான் பேரட்டிடம், மற்ற நாலும் ஹெண்ட்ரியிடம். 1992இல் 14-8 என்று முன்னால் இருந்தார், ஹெண்ட்ரி தொடர்ந்து பத்து ஃப்ரேம் எடுத்து 18-14 என்று முடித்தார். 1994இல் 17-17, வைட்டின் 32ஆவது பிறந்தநாள், எதிரே ஹெண்ட்ரி முழங்கை எலும்பில் விரிசலோடு ஆடுகிறார், வைட் முன்னிலையில் இருக்கும்போது தன் இடத்தில் அசையாமல் நின்ற கறுப்பைத் தவறவிட்டார். பரிசளிப்பில், இந்த ஆள் எனக்கு எரிச்சலூட்ட ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ‘காட்ஸ் ஆஃப் ஸ்னூக்கர்’ மூன்றாம் பாகத்தில் இதைப் பார்க்கும்போது கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தப் படங்கள் யாரை விட்டுவிடுகின்றன?

முதலில் ரே ரியர்டன். சுரங்கத் தொழிலாளியாக இருந்து, போலீஸ்காரராகி, பிறகு ஆறு முறை உலக சாம்பியன். 1978இல் ஆறாவது பட்டம் வாங்கியபோது 45 வயது. படங்களில் டிராகுலா மாதிரி தலைமுடி வாரியவர் என்று ஒரு ஜோக்கோடு முடித்துவிடுகிறார்கள். 2024இல் 91 வயதில் மறைந்தார். அதே வருஷக் கடைசியில் டெரி கிரிஃபித்ஸும் போனார், 1979இல் தகுதிச்சுற்றிலிருந்து வந்து பட்டத்தைத் தட்டிச்சென்றவர்.

கிளிஃப் தார்பர்னும் அப்படித்தான். 1980இல் ஹிக்கின்ஸை 18-16 என்று வென்ற கனடாக்காரர். அந்த இறுதிப்போட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் சிறப்புப் படை புகுந்தது, பிபிசி ஆட்டத்தை விட்டு அங்கே தாவிவிட்டது. 1983இல் குரூசிபிளின் முதல் 147 இவர் போட்டது. ஆனால் நிதானமாக, யோசித்து யோசித்து ஆடுபவர், ஆவணப்படத்துக்கு நிதானம் ஆகாது.

ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்தது என்கிறார்களே, அது இந்தப் படங்களில் வருமா?

பிறந்தது ஜபல்பூரில், வளர்ந்தது ஊட்டியில் என்பதுதான் சரி. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பிரதமராக இருந்தவர் இல்லை, வேறு ஆள்) மழைக்காலத்தில் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிறகு 1880களில் மதராஸ் ராணுவத் தளபதியோடு ஊட்டிக்கு வந்தபோது அங்கே ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினார்கள். நீங்கள் தேடும் பொற்காலம் இதற்கு ஒரு நூற்றாண்டு பின்னால் என்பதால் அந்தப் படங்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

‘த ரேக் பேக்’ ஆவணப்படமா?

இல்லை, நடிகர்கள் நடித்த கதைப்படம். 2016இல் பிபிசி ஐபிளேயருக்காக எடுத்தது. ஹிக்கின்ஸாக லூக் டிரெட்அவே, டேவிஸாக வில் மெரிக், பாரி ஹெர்னாக கெவின் பிஷப். ஹெர்ன் வரும் காட்சியெல்லாம் அமர்க்களம். ஆவணப்படங்களைப் பார்த்த பிறகு பாருங்கள், இல்லாவிட்டால் எது நடந்தது, எது கற்பனை என்று குழம்பும்.

பின்னாளைய ஸ்னூக்கர் வீரர் ரானி ஓசல்லிவன் பற்றி 2023இல் வந்த ‘தி எட்ஜ் ஆஃப் எவ்ரிதிங்’ நல்ல ஆவணப்படம், ஆனால் வேறு காலம், வேறு வலி.

சரி, எங்கே பார்ப்பது?

பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். அங்கே உள்ளவர்கள்கூடத் தேடிப் பார்க்க வேண்டும், பழைய படங்கள் வரும் போகும். மற்றவர்களுக்கு யூடியூப்தான் கதி, 1982 அரையிறுதியின் அந்த 69, தார்பர்னின் 147, 1985இன் கடைசி ஃப்ரேம் எல்லாம் தேடினால் கிடைக்கும். ‘கடைசிக் கறுப்புப் பந்து’ என்று ஐந்து நிமிஷத் துண்டாக வருவதைத் தாண்டிப் போங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதைத் திறங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு.